பிடிபி-11 சிறு கணினியில் ஈப்ரோம் சில்லு எழுதும் முறை

ஈப்ரோம் என்பது, மின்சாரம் நின்ற பின்னும் தன்னுள் எழுதப்பட்டதை இழக்காத, தேவைப்பட்டால் புற ஊதாக் கதிரால் அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவகச் சில்லு ஆகும். 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் சிறு கணினிகளை வைத்திருந்த ஆய்வகங்களிலும் தொழிற்சாலைகளிலும், இச்சில்லுகளை அந்தக் கணினியைக் கொண்டே, விசைப்பலகையில் கட்டளைகளைத் தட்டி எழுதும் வழக்கம் இருந்தது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனம் தயாரித்த பிடிபி-11 குடும்பத்தைச் சேர்ந்த எல்எஸ்ஐ-11 கணினியையும், இன்டெல் நிறுவனத்தின் 2716 என்ற சில்லையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்த முறை இங்கு விளக்கப்படுகிறது.

இது வெறும் பழைய செய்தி அன்று. அக்காலக் கணினிகளைப் பழுது நீக்கி இயங்க வைப்போர் இன்றும் உள்ளனர். கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல் இத்தகைய சில்லில்தான் இருக்கும். அந்தச் சில்லு கெட்டால், மற்ற எல்லா உறுப்புகளும் நன்றாக இருந்தும் கணினி தானாகத் தொடங்காது. மேலும், நினைவகம், முகவரி, பிட், பைட் ஆகிய சொற்களைப் பாடநூலில் மட்டும் படிக்கும் மாணவருக்கு, அவை கண்முன் நடப்பதைக் காட்டும் நல்ல பாடமாகவும் இம்முறை அமைகிறது.

பின்னணி

பிடிபி-11 வரிசையின் முதல் கணினியான பிடிபி-11/20, 1970இல் வெளிவந்தது. இது 16 பிட் கணினி. அதாவது, ஒரே நேரத்தில் 16 இருநிலை இலக்கங்களைக் கொண்ட ஓர் எண்ணைக் கையாளும். அந்த 16 பிட் தொகுதிக்குக் கணினித் துறையில் 'சொல்' என்று பெயர். ஒரு சொல்லில் இரண்டு பைட்டுகள் உண்டு. யூனிக்ஸ் இயங்குதளம் சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது இந்தக் குடும்பக் கணினியில்தான்.

தொடக்க காலப் பிடிபி-11 கணினிகளின் முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகளும் சிறு விளக்குகளும் இருந்தன. கணினியை இயக்கியவுடன் அதற்கு எதுவும் தெரியாது. காகித நாடாவைப் படிக்கும் வழியைக் கூட மனிதர்தான் சொல்லித் தர வேண்டும். அதற்கான தொடக்க நிரலின் 14 சொற்களையும் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி ஒவ்வொன்றாக உள்ளிட வேண்டும். ஒரு சுவிட்சு தவறினாலும் நாடா படிக்கப்படாது.

இந்தத் தொல்லையைப் போக்க, டயோடுகளை அடுக்கிய ஒரு பலகை வந்தது. 32 சொற்கள் கொண்ட அப்பலகையில், தேவைக்கேற்ப டயோடுகளை வெட்டி நீக்கி நிரல் பதிக்கப்பட்டது. வெட்டிய டயோடு வெட்டியதுதான். நிரலை மாற்ற வேண்டுமானால் பற்றவைக்கும் கோலை எடுக்க வேண்டும். அடுத்து, உள்ளிருக்கும் மெல்லிய இழைகளை மின்சாரத்தால் உருக்கி எழுதும் சில்லுகள் வந்தன. அவற்றிலும் எழுதியதைத் திரும்பப் பெற இயலாது.

அழித்து எழுதும் வசதியைத் தந்தது ஈப்ரோம். இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய இஸ்ரேலியப் பொறியாளர் டோவ் ஃப்ரோமன் 1971இல் இதை உருவாக்கினார். முதல் சில்லான 1702இல் 256 பைட்டுகள் மட்டுமே அடங்கின. சில ஆண்டுகளில் 1024 பைட்டுகள் கொண்ட 2708, 2048 பைட்டுகள் கொண்ட 2716, 4096 பைட்டுகள் கொண்ட 2732 என்று கொள்ளளவு இரட்டித்துக்கொண்டே சென்றது.

சில்லின் உள்ளே நடப்பது

ஈப்ரோமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர். அதில் எதனோடும் இணைக்கப்படாமல், சுற்றிலும் மின்கடத்தாப் படலத்தால் மூடப்பட்ட ஒரு வாயில் உள்ளது. அதை மிதக்கும் வாயில் என்பர். உயர்ந்த மின்னழுத்தம் கொடுக்கும்போது எலக்ட்ரான்கள் படலத்தைத் தாண்டி அவ்வாயிலுக்குள் புகுந்துவிடும். அழுத்தத்தை நீக்கிய பின் அவை வெளியேற வழியில்லை. ஆண்டுக்கணக்கில் அங்கேயே சிறைப்பட்டிருக்கும்.

2716 சில்லில் எலக்ட்ரான்கள் இல்லாத பிட் 1 என்றும், எலக்ட்ரான்கள் அடைபட்ட பிட் 0 என்றும் படிக்கப்படும். ஆகவே அழிக்கப்பட்ட சில்லில் எல்லாப் பிட்டுகளும் 1 ஆக இருக்கும். எழுதுதல் என்பது வேண்டிய இடங்களில் 1ஐ 0 ஆக மாற்றுவதே. 0 ஆன பிட்டை மட்டும் தனியாக மீண்டும் 1 ஆக்க முடியாது. அதற்குச் சில்லு முழுவதையும் அழிக்க வேண்டும். கரும்பலகையில் ஒரே ஓர் எழுத்தைத் திருத்தப் பலகை முழுவதையும் துடைக்க வேண்டியிருப்பதைப் போன்றது இது. எழுதும் முன் பலமுறை சரிபார்க்க வேண்டியதன் காரணம் இதுவே.

2716க்கு 24 கால்கள் உண்டு. படிக்கும்போது 5 வோல்ட் மின்சாரம் ஒன்றே போதும். எழுதும்போது 21ஆம் காலில் 25 வோல்ட் தர வேண்டும். முகவரியையும் தரவையும் நிலையாக வைத்துக்கொண்டு, 18ஆம் காலில் 50 மில்லி விநாடி நீளமுள்ள ஒரு துடிப்பைக் கொடுத்தால் அந்த ஒரு பைட் பதிவாகும். துடிப்பு 45 மில்லி விநாடிக்குக் குறையவும் கூடாது, 55 மில்லி விநாடியை மீறவும் கூடாது. 2048 பைட்டுகளுக்குத் துடிப்புகள் மட்டும் 102.4 விநாடி ஆகும்.

விசைப்பலகைக் கட்டளைகள்

1975இல் வந்த எல்எஸ்ஐ-11 கணினியில் சுவிட்சுப் பலகை இல்லை. அதற்குப் பதிலாக ஓடிடி என்னும் சிறு உதவி நிரல் செயலியின் நுண்நிரலிலேயே வைக்கப்பட்டது. செயலி நிறுத்தப்பட்ட நிலையில் இருக்கும்போது திரையிலோ தட்டச்சு முனையத்திலோ @ என்ற குறி தோன்றும். அது கட்டளைக்குக் காத்திருப்பதன் அடையாளம். முதன்மையான கட்டளைகள் வருமாறு:

முகவரியும் அதைத் தொடர்ந்து சாய்கோடும்: அந்த நினைவக இடத்தைத் திறந்து, அதிலுள்ள எண்ணைக் காட்டும்.

புதிய எண்ணும் ரிட்டர்ன் விசையும்: திறந்த இடத்தில் புதிய எண்ணை வைத்து மூடும். எண் ஏதும் தட்டாமல் ரிட்டர்னை மட்டும் அழுத்தினால் பழைய எண் மாறாமல் இருக்கும்.

லைன் ஃபீட் விசை: இந்த இடத்தை மூடி, அடுத்த சொல்லைத் திறக்கும்.

ஆர் என்ற எழுத்தும் 0 முதல் 7 வரை ஓர் எண்ணும், பின் சாய்கோடும்: செயலியின் பதிவகத்தைத் திறக்கும்.

முகவரியும் ஜி என்ற எழுத்தும்: அந்த முகவரியிலிருந்து நிரலை ஓட்டும்.

பி என்ற எழுத்து: நின்ற இடத்திலிருந்து நிரலைத் தொடரும்.

தவறான கட்டளைக்கும், இல்லாத முகவரிக்கும் விடையாகக் கேள்விக்குறி வரும். ஓர் எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டால், விசையை அழுத்தி மூடும் முன் சரியான ஆறு இலக்கங்களையும் தொடர்ந்து தட்டினால் போதும். ஓடிடி கடைசி ஆறு இலக்கங்களையே எடுத்துக்கொள்ளும்.

எல்லா எண்களும் எண்ம எண்முறையில் அமைந்தவை. அதாவது 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களே வரும். 8, 9 இரண்டும் இல்லை. சொற்கள் இரண்டிரண்டு பைட்டுகளாக இருப்பதால் முகவரியும் இரண்டிரண்டாகக் கூடும். எனவே 1006க்கு அடுத்த சொல்லின் முகவரி 1008 அன்று, 1010. புதிதாகப் பயில்வோர் முதலில் தடுமாறும் இடம் இது.

ஒரு சொல், இரண்டு சில்லுகள்

கணினியின் சொல் 16 பிட். சில்லின் அகலமோ 8 பிட். ஆகவே ஒவ்வொரு நிரலுக்கும் இரண்டு சில்லுகள் தேவை. ஒன்று கீழ்ப் பைட்டுகளுக்கு, மற்றொன்று மேல் பைட்டுகளுக்கு. எம்ஆர்வி11-சி என்ற நினைவகப் பலகையில் 24 கால் சில்லுகளுக்கான 16 செருகிடங்கள் உள்ளன. அவற்றில் சில்லுகள் இணை இணையாகவே பொருத்தப்படும்.

சொல்லை இரண்டாகப் பிரிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 012701 என்ற சொல்லை எடுத்துக்கொள்க. முதல் மூன்று இலக்கங்களான 012 மேல் பைட் என்றும், 701 கீழ்ப் பைட் என்றும் கொள்வது தவறு. எண்ம இலக்கம் ஒவ்வொன்றும் மூன்று பிட்டுகளைக் குறிக்கும். எட்டு, மூன்றால் மீதியின்றி வகுபடாது. எனவே பிரிக்கும் கோடு ஓர் இலக்கத்தின் நடுவே விழும். சரியான வழி, முதலில் இருநிலை எண்ணாக எழுதுவது:

0 001 010 111 000 001

வலப்புறமிருந்து எட்டுப் பிட்டுகளை எண்ணினால் 11 000 001 கிடைக்கும். இது எண்ம முறையில் 301. மீதமுள்ள எட்டுப் பிட்டுகள் 00 010 101. இது 025. ஆகவே கீழ்ப் பைட் 301, மேல் பைட் 025. சரிபார்க்க, 025ஐ எண்ம 400ஆல் பெருக்கினால் 12400 வரும். அதனுடன் 301ஐக் கூட்டினால் 12701 திரும்பக் கிடைக்கும்.

சில்லைக் கணினியோடு இணைத்தல்

எல்எஸ்ஐ-11இல் வெளியுலகோடு பேசுவதற்கு டிஆர்வி11 என்ற இணைப்புப் பலகை உண்டு. இதில் 16 வெளியேறு கம்பிகளும் 16 உள்வரு கம்பிகளும் உள்ளன. வெளியேறு பதிவகத்தின் வழக்கமான முகவரி 167772. உள்வரு பதிவகத்தின் முகவரி 167774. நினைவகத்தில் எழுதுவது போலவே 167772இல் ஓர் எண்ணை வைத்தால், அதன் பிட்டுகள் மின்னழுத்தங்களாகக் கம்பிகளில் தோன்றும். பிடிபி-11இல் வெளிக்கருவிகளுக்கென்று தனிக் கட்டளைகள் இல்லை. எல்லாமே முகவரிகள்தாம். ஓடிடியைக் கொண்டு வெளிக்கருவியை விசைப்பலகையிலிருந்தே இயக்க முடிவது இதனால்தான்.

2716க்கு 11 முகவரிக் கம்பிகளும் 8 தரவுக் கம்பிகளும் தேவை. கூட்டினால் 19. கிடைப்பதோ 16. எனவே முகவரியைத் தர ஒரு மின்னணு எண்ணியை இடையில் வைப்பது எளிய தீர்வு. அவ்வகை அமைப்பு ஒன்றில் வெளியேறு கம்பிகளை இவ்வாறு பங்கிடலாம்:

பிட் 0 முதல் 7 வரை: எழுத வேண்டிய பைட்.

பிட் 8, எண்ம மதிப்பு 400: எழுதும் துடிப்பைத் தொடங்கும்.

பிட் 9, எண்ம மதிப்பு 1000: எண்ணியை ஒரு முகவரி முன்னே நகர்த்தும்.

பிட் 10, எண்ம மதிப்பு 2000: எண்ணியைச் சுழியத்துக்குக் கொண்டுவரும்.

பிட் 11, எண்ம மதிப்பு 4000: 1 எனில் எழுதும் நிலை, 0 எனில் படிக்கும் நிலை.

உள்வரு பக்கத்தில், பிட் 0 முதல் 7 வரை சில்லின் தரவு வரும். பிட் 15, துடிப்பு நடந்துகொண்டிருப்பதைக் காட்டும். இடையிலுள்ள பிட்டுகள் தரையோடு இணைக்கப்படும். தரவுக் கால்கள் எழுதும்போது உள்வாயிலாகவும் படிக்கும்போது வெளிவாயிலாகவும் இருப்பதால், படிக்கும் நிலையில் கணினிப் பக்கத்துக் கம்பிகளைத் துண்டிக்கும் மூன்று நிலைத் தாங்கிச் சில்லும் நடுவில் இருக்க வேண்டும்.

50 மில்லி விநாடித் துடிப்பை மனிதக் கையால் தர முடியாது. ஒருமுறை தூண்டினால் குறித்த நேரம் மட்டும் துடித்து அடங்கும் சுற்று ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். இதில் பாதுகாப்பும் அடங்கியுள்ளது. 18ஆம் காலில் அழுத்தம் தொடர்ந்து நிலைத்திருந்தால் சில்லு கெடும். துடிப்பின் நீளத்தை நிரலின் பொறுப்பில் விட்டு, நிரல் நடுவில் நின்றுபோனால் அந்த நிலைதான் ஏற்படும். நேரத்தைச் சுற்றே அளந்துகொண்டால் கணினி நின்றாலும் சில்லு பிழைக்கும்.

கையால் ஒரு பைட்டை எழுதுதல்

முதல் பைட்டாக 301ஐ எழுதுவதாகக் கொள்வோம். 5 வோல்ட் மின்சாரம் கொடுத்த பிறகே 25 வோல்ட்டை இணைக்க வேண்டும். பின் @ குறி வந்ததும் 167772 என்று தட்டிச் சாய்கோட்டை அழுத்தி, கீழ்க்காணும் எண்களை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 167772ஐ மீண்டும் திறக்க வேண்டும்.

1. 2000, ரிட்டர்ன். எண்ணி சுழியமாகும்.

2. 4301, ரிட்டர்ன். எழுதும் நிலை, சில்லின் தரவுக் கால்களில் 301 நிற்கும்.

3. 4701, ரிட்டர்ன். தரவு மாறவில்லை, 400 மட்டும் கூடியது. துடிப்பு தொடங்கி, அடங்கும்.

4. 0, லைன் ஃபீட். படிக்கும் நிலைக்கு மாறி, அடுத்த சொல்லான 167774 திறக்கும். சில்லிலிருந்து வரும் எண் அங்கே தெரியும். 000301 என்று தெரிந்தால் பைட் சரியாகப் பதிந்தது.

5. மீண்டும் 167772இல் 1000, ரிட்டர்ன். எண்ணி அடுத்த முகவரிக்கு நகரும்.

இரண்டாவது பைட்டிலிருந்து 2 முதல் 5 வரையுள்ள படிகளைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு பைட்டுக்கு நான்கு கட்டளைகள். 2048 பைட்டுகளுக்கு 8192 கட்டளைகள். இது மனிதர் செய்யும் வேலையன்று. ஆயினும் இணைப்பு சரியாக உள்ளதா என்று பார்க்க முதல் இரண்டு மூன்று பைட்டுகளைக் கையால் எழுதிப் பார்ப்பது நல்ல வழக்கம். துடிப்பு வருகிறதா, எண்ணி நகர்கிறதா, தரவுக் கம்பிகள் இடம் மாறியுள்ளனவா என்பன எல்லாம் இதிலேயே தெரிந்துவிடும்.

சிறு நிரலைக் கொண்டு எழுதுதல்

முழுச் சில்லையும் எழுத, மேற்கண்ட படிகளைச் செய்யும் சிறு நிரல் ஒன்றை ஓடிடி வழியே நினைவகத்தில் உள்ளிட வேண்டும். அடிப்படை எல்எஸ்ஐ-11இல் 4096 சொற்கள் நினைவகம் உண்டு. அதன் மேல்பாதியான 10000 முதல் 17777 வரையுள்ள முகவரிகளில் சரியாக 2048 சொற்கள் அடங்கும். இரண்டு 2716 சில்லுகளின் கொள்ளளவும் அதுவே. ஆகவே எழுத வேண்டியதை மேல்பாதியிலும், எழுதும் நிரலை 1000 என்ற முகவரியிலும் வைக்கலாம். நிரலின் தொடக்கம் இவ்வாறு அமையும்:

1000: 012701, பின்வரும் எண்ணை ஆர்1 பதிவகத்தில் வை.

1002: 010000, தரவு தொடங்கும் முகவரி.

1004: 012702, பின்வரும் எண்ணை ஆர்2 பதிவகத்தில் வை.

1006: 004000, பைட்டுகளின் எண்ணிக்கை. எண்ம 4000 என்பது பத்தடிமான 2048.

1010: 012737, பின்வரும் எண்ணை அதற்கடுத்துக் குறிக்கப்படும் முகவரியில் வை.

1012: 002000, எண்ணியைச் சுழியமாக்கும் பிட்.

1014: 167772, வெளியேறு பதிவகம்.

இதன் பிறகு வரும் சுற்று செய்ய வேண்டியவை: ஆர்1 காட்டும் பைட்டை எடுத்தல், மேல் எட்டுப் பிட்டுகளை நீக்கி 4000ஐச் சேர்த்து அனுப்புதல், 400ஐச் சேர்த்து அனுப்புதல், 167774இன் பிட் 15 சுழியமாகும் வரை காத்திருத்தல், படிக்கும் நிலைக்கு மாறி வந்த பைட்டை ஒப்பிடுதல், சரியெனில் எண்ணியை நகர்த்தி ஆர்1இல் இரண்டைக் கூட்டி ஆர்2இல் ஒன்றைக் குறைத்தல், ஆர்2 சுழியமாகும் வரை தொடர்தல். ஒப்பீடு தவறினால் ஓர் இடத்திலும், வேலை முடிந்தால் வேறோர் இடத்திலும் நிரல் நிற்குமாறு அமைக்க வேண்டும். செயலி நிற்கும்போது ஓடிடி, நின்ற முகவரியை அச்சிட்டு @ குறியைக் காட்டும். அந்த முகவரியைப் பார்த்தே வெற்றியா தோல்வியா என்று அறியலாம். தோல்வியெனில் ஆர்1ஐத் திறந்து பார்த்தால் எந்தப் பைட்டில் தடைபட்டது என்பதும் தெரியும்.

எழுத வேண்டிய நிரல் குறுந்தட்டிலோ காகித நாடாவிலோ இருந்தால் அங்கிருந்து 10000க்கு ஏற்றலாம். இல்லையெனில் அதையும் லைன் ஃபீட் விசையால் ஒவ்வொரு சொல்லாக உள்ளிட வேண்டும். சில்லில் மிஞ்சும் இடங்களை 177777 என்று நிரப்பிவிட்டால், அவ்விடங்கள் அழிந்த நிலையிலேயே இருந்து பின்னாளில் பயன்படும். எல்லாம் ஆனதும் 1000 என்று தட்டி ஜி விசையை அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் முதல் சில்லு முடிந்துவிடும்.

25 வோல்ட்டை முதலிலும் 5 வோல்ட்டைப் பிறகும் நீக்கி, முதல் சில்லை எடுத்து இரண்டாம் சில்லைப் பொருத்திய பின், ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். 1002ஐத் திறந்து 010000க்குப் பதிலாக 010001 வைக்க வேண்டும். பிடிபி-11இல் கீழ்ப் பைட் இரட்டை முகவரியிலும் மேல் பைட் ஒற்றை முகவரியிலும் இருப்பதால், ஒன்று கூட்டியதும் நிரல் மேல் பைட்டுகளை எடுக்கத் தொடங்கும். இந்த மாற்றத்தை மறந்தால் இரண்டு சில்லுகளிலும் ஒரே தரவு இருக்கும். ஒப்பீடும் குறை காட்டாது.

கணினியில் பொருத்தியபின் இச்சில்லுகள் வேறு முகவரியில் தோன்றும். எல்எஸ்ஐ-11இன் இணைப்புத் துண்டுகளைத் தக்கவாறு அமைத்தால், மின்சாரம் வந்தவுடன் செயலி 173000 என்ற முகவரியிலிருந்து ஓடத் தொடங்கும். தொடக்க நிரலின் இடம் அது. ஆகவே நிரலில் முழு முகவரிகள் வருமிடங்களில் 173000ஐ அடிப்படையாகக் கொண்டே கணக்கிட வேண்டும். 10000 என்பது எழுதும் நேரத்துக்கான தற்காலிக இருப்பிடமே.

அழித்தலும் திருத்தலும்

சில்லின் மேல் உள்ள கண்ணாடி போன்ற சாளரம் குவார்ட்சால் ஆனது. 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை அதன் வழியே பாய்ச்சினால் அடைபட்ட எலக்ட்ரான்கள் ஆற்றல் பெற்று வெளியேறும். இதற்கென அமைந்த விளக்கின் கீழ் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் தொலைவில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் சில்லு அழியும். இக்கதிர் கண்ணுக்கும் தோலுக்கும் கேடு செய்வது. மூடிய பெட்டிக்குள்ளேயே விளக்கை எரிக்க வேண்டும்.

எழுதிய சில்லின் சாளரத்தை ஒளிபுகாத ஒட்டுத்தாளால் மூடுவது கட்டாயம். நேரடி வெயிலில் ஒரு வாரம் அளவிலும், அறையின் குழல் விளக்கொளியில் மூன்று ஆண்டு அளவிலும் சில்லு அழியக்கூடும் என்று தயாரிப்பாளரின் குறிப்பேடு எச்சரிக்கிறது.

சில திருத்தங்களுக்கு அழித்தல் தேவையில்லை. 301ஐ 300 ஆக்க ஒரு பிட்டை 1இலிருந்து 0க்கு மாற்றினால் போதும். அதே முகவரியில் 300ஐ எழுதிவிடலாம். 300ஐ 301 ஆக்க மட்டும் முடியாது. வேண்டாத கட்டளையைச் சுழியமாக்கி மறைப்பது 8080 போன்ற செயலிகளில் செல்லும். அங்கே சுழியம் என்றால் 'ஒன்றும் செய்யாதே' என்று பொருள். பிடிபி-11இல் 000000 என்பது 'நில்' என்னும் கட்டளை. அங்கே அந்த உத்தி கணினியை நிறுத்திவிடும். 'ஒன்றும் செய்யாதே' என்பதற்கு இதில் 000240 என்று எழுத வேண்டும்.

அடிக்கடி நேரும் பிழைகள்

முதலாவது, சில்லின் எண்ணை மட்டும் பார்த்து மின்னழுத்தத்தை முடிவு செய்தல். 2732க்கு 25 வோல்ட்; 2732ஏ என்ற வகைக்கு 21 வோல்ட். 2764க்கு 21 வோல்ட். 2764ஏ வகைக்கு 12.5 வோல்ட். ஓர் எழுத்தைக் கவனிக்காமல் கூடுதல் அழுத்தம் கொடுத்தால் சில்லு அக்கணமே கெடும். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஎம்எஸ்2716 என்ற சில்லு, எண்ணில் ஒத்திருந்தாலும் மூன்று வகை மின்னழுத்தம் கேட்கும் வேறு சில்லு. அந்நிறுவனத்தில் இன்டெல் 2716க்கு ஈடானது டிஎம்எஸ்2516.

இரண்டாவது, 25 வோல்ட் இருக்கும்போதே சில்லைச் செருகுதல் அல்லது பிடுங்குதல்.

மூன்றாவது, சில்லைத் தலைகீழாகப் பொருத்துதல். ஒரு முனையில் உள்ள வெட்டு, செருகிடத்தின் வெட்டோடு பொருந்த வேண்டும்.

நான்காவது, வெற்றுச் சில்லா என்று பார்க்காமல் எழுதத் தொடங்குதல். எழுதும் முன் எல்லாப் பைட்டுகளும் 377 என்று படிக்கப்படுகின்றனவா என்று உறுதி செய்ய வேண்டும்.

ஐந்தாவது, உள்ளிட்ட எண்களைச் சரிபார்க்காமை. சில்லில் பதிந்தது நினைவகத்தில் உள்ளதுதானா என்பதை மட்டுமே நிரலின் ஒப்பீடு காட்டும். நினைவகத்தில் உள்ளதே தவறாக இருந்தால் அதைக் காட்டாது. ஒருவர் பட்டியலை உரக்கப் படிக்க, மற்றொருவர் லைன் ஃபீட் விசையை அழுத்தித் திரையைப் பார்த்து வருவது எளிய, நம்பகமான வழி.

பழைய சில்லுகளைக் காத்தல்

1970களின் இறுதியில் எழுதப்பட்ட ஈப்ரோம்களுக்கு இன்று நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. அடைபட்ட எலக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசியும். முழுதும் கசியும் முன்பே சில பிட்டுகள் ஒரு முறை 0 என்றும் மறுமுறை 1 என்றும் படிக்கப்படலாம். அந்த நிலைக்கு வந்துவிட்டால் மூல நிரலின் தாள் இல்லாமல் மீட்பது கடினம். ஒரு தொழிற்சாலையின் எந்திரத்துக்கென்று தனியே எழுதப்பட்ட நிரலாக இருந்தால், அதன் ஒரே பிரதி அந்தச் சில்லாகவே இருக்கவும் கூடும்.

எனவே பழைய கணினி ஒன்று கைக்கு வந்தால் முதலில் செய்ய வேண்டியது எழுதுதல் அன்று, படித்தல். கணினி இயங்கும் நிலையில் இருந்தால் இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. 173000 என்று தட்டிச் சாய்கோட்டை அழுத்தி, லைன் ஃபீட் விசையால் 173776 வரை சென்றால் தொடக்க நிரலின் 256 சொற்களும் முனையத்தில் அச்சாகும். இரண்டு முறை படித்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். வேறுபடும் இடங்கள் வலுவிழந்த பிட்டுகளைக் காட்டிக்கொடுக்கும். சாளரத்தின் ஒட்டுத்தாள் உதிர்ந்திருந்தால் புதிதாக ஒட்ட வேண்டும். பழைய தாளில் உள்ள எண்ணையும் நாளையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தச் சில்லு கீழ்ப் பைட், எது மேல் பைட் என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அதன்பின் அதே தரவைப் புதிய சில்லுகளில் எழுதிக் கணினியில் பொருத்தி, மூலச் சில்லுகளை ஒளிபடாத பெட்டியில், நிலைமின்சாரத்தைத் தடுக்கும் கறுப்புப் பஞ்சில் குத்தி வைக்கலாம்.